மறு: பரம்பரை நோய் என்றால் நடந்து என்ன பயன்?

தந்தைக்கும் அண்ணனுக்கும் நீரிழிவு இருப்பதால் உங்களுக்கும் வந்தே தீரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்ல, தொடங்கிய நடைப்பயிற்சியை இரண்டாம் வாரமே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதைச் சோம்பல் என்று உங்களை நீங்களே குறைத்துச் சொல்லிக்கொள்வது எனக்கு வருத்தம் தருகிறது. நடப்பவை நம் செயலால் நடக்கின்றனவா, விதியாலும் பிறராலும் நடக்கின்றனவா என்ற நம்பிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடுவதை உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-இல் ஓர் அளவுகோல் அமைத்து விளக்கினார். சமூக உளவியலாளர் ஐசெக் ஐசன் 1991-இல் விரித்துரைத்த கோட்பாட்டின்படி, ஒரு செயலைச் செய்யும் எண்ணம் உறுதிப்பட, அது நன்மை தரும் என்ற மதிப்பீட்டுடன், நெருங்கியவர்கள் அதை ஏற்கிறார்கள் என்ற உணர்வும், நம்மால் முடியும் என்ற நம்பிக்கையும் சேர வேண்டும். “எதற்கு வீண் வேலை?” என்று வாசலில் கேட்கப்படும் ஒரே கேள்வி பின்னிரண்டையும் ஒருசேரத் தகர்த்துவிடுகிறது.

பரம்பரை இடரைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆயினும், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாரம் 150 நிமிட உடற்பயிற்சி, உணவு மாற்றம், எடைக்குறைப்பு ஆகியவற்றை இலக்காகக் கொண்ட குழுவில் நோய் தோன்றுவது 58 விழுக்காடு குறைந்தது. வீட்டாரிடம் வாதிட வேண்டாம். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, அண்ணனையும் பத்து நிமிடம் உடன் நடக்கக் கூப்பிடுங்கள்.