பீளமேட்டில் கிளம்பிய விமானம் ஏன் வட்டமடித்தது?

டெல்லிக்குக் கிளம்பிய விமானம் கோளாறென்று கோவையைச் சுற்றிவிட்டுப் பீளமேட்டிலேயே இறங்கியது, விமானி வெகுநேரம் வாய் திறக்கவில்லை, இப்போது அம்மா விமானம் ஏற மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தச் சுற்றல் திணறல் அல்ல என்பதை முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள். டெல்லி வரைக்குமான எரிபொருளோடு கிளம்பும்போது, இறங்க அனுமதிக்கப்பட்ட எடையைவிடச் சில டன் கூடுதலாக இருக்கக்கூடும். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 ரகங்களில் எரிபொருளை வானில் கொட்டும் வசதி கிடையாது. எரித்துத்தான் குறைக்க வேண்டும். தீ என்றால் கதையே வேறு, எடை பார்க்காமல் உடனே இறக்கிவிடுவார்கள். காத்திருந்தார்கள் என்றால் நேரம் இருக்கிறது என்று கணித்திருக்கிறார்கள். 2024 அக்டோபரில் ஹைட்ராலிக் (திரவ அழுத்தத்தால் பாகங்களை இயக்கும் அமைப்பு) கோளாறோடு திருச்சியைச் சுற்றிய சார்ஜா விமானம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறந்துவிட்டுப் பத்திரமாக இறங்கியதே!

மௌனத்துக்கும் காரணம் உண்டு. இரண்டு விமானிகளில் ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் சரிபார்ப்புப் பட்டியலை வரிவரியாக வாசித்துச் செய்வார். பிறகு கட்டுப்பாட்டுக் கோபுரம். பயணிகளின் முறை கடைசியில்தான். ஆனாலும் இரண்டு வரி சொல்லியிருக்கலாம். அம்மாவின் கோபம் நியாயமே.

அவரை வற்புறுத்தாதீர்கள். சென்னைப் பயணம் என்றால் வந்தே பாரத் ரயில் இருக்கிறது. அடுத்த முறை டெல்லிக்குப் போகும்போது பக்கத்து இருக்கையில் நீங்களும் உட்காருங்கள்.