நாளை என்றாலே மனம் பதறுகிறதே!

கேள்வி: எனக்கு வயது 34. அலுவலகத்தில் நான்கு மாதமாக ஆட்குறைப்புப் பேச்சு அடிபடுகிறது. பட்டியலில் யார் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. நடு இரவில் விழிப்பு வந்தால் கை தானாக செல்போனுக்குப் போகிறது. செய்திகளைப் படித்தே விடிந்துவிடுகிறது. “ஏதாவது தெரிந்ததா?” என்று கூட வேலை பார்ப்பவர்களைத் தினமும் நச்சரிக்கிறேன். “நல்லதையே நினை” என்கிறார் கணவர். நினைத்தால் பத்து நிமிடம்கூட நிற்பதில்லை. இனி எதை நம்பி நாளைக் கடத்துவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, நல்லதை நினைத்தும் மனம் அடங்கவில்லை என்றால் அது உங்கள் குறை அல்ல. நல்ல முடிவை மட்டும் கற்பனை செய்துகொண்டிருந்தால் முயற்சி தளர்ந்துபோகும் என்பதை உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கனின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உளவியலாளர் சார்லஸ் ஸ்னைடர் நம்பிக்கையை மூன்றாகப் பிரித்தார்: ஓர் இலக்கு, அதற்கான வழிகள், அந்த வழியில் என்னால் போக முடியும் என்ற எண்ணம். “வேலை போகக் கூடாது” என்பதை இலக்காக வைத்தால் வழி எதுவும் தென்படாது; அந்த முடிவு உங்கள் கையில் இல்லையே.

ஒரு தாளில் இரண்டு வாரத்தில் முடியக்கூடிய இலக்கு ஒன்றை எழுதுங்கள். உதாரணமாக, தன்விவரத்தைப் புதுப்பித்து மூன்று பேருக்கு அனுப்புவது. கீழே குறைந்தது இரண்டு வழிகள். ஒரே வழி இருந்து அது அடைபட்டால் மனம் உடனே சோர்ந்துவிடும். ஒவ்வொரு வழிக்கும் ஒரு தடையும் மாற்றும் இருக்கட்டும்: “வியாழன் வரை பதில் வராவிட்டால், வெள்ளி காலை பத்து மணிக்கு வேறு இருவருக்கு அனுப்புவேன்.” நாளும் நேரமும் கட்டாயம். “புதிதாக ஏதாவது கற்க வேண்டும்” என்று மொட்டையாக எழுதியது தாளிலேயே கிடக்கும். முதல் அடி கால் மணி நேரத்தில் முடியட்டும்.

கவலைக்கென்று தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி ஒதுக்குங்கள். உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் வகுத்த முறை இது. மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு வரி குறித்துவிட்டு, அந்த நேரத்துக்குத் தள்ளிவைத்து வேலையைத் தொடருங்கள். பலரும் சறுக்குவது, படுக்கப்போகும் முன் இதைச் செய்வதால்தான், மாலையிலேயே முடித்துவிடுங்கள். முதல் வாரம் எண்ணங்கள் திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும். விரட்ட வேண்டாம், தள்ளிவைத்தால் போதும்.

மற்றவர்களிடம் கேட்கும்போது சற்று நேரம் நிம்மதி கிடைக்கும். சந்தேகம் மறுபடி முளைக்கும், மறுபடி கேட்பீர்கள். “தெரியாமல் இருப்பதே ஆபத்து” என்று மனம் பழகுவது இப்படித்தான். முதலில் இரண்டு நாள் கேட்காமல் இருந்து பாருங்கள். என்ன நடக்கும் என்று பயந்தீர்களோ அதை முன்கூட்டியே எழுதிவைத்து, பிறகு நடந்ததோடு ஒப்பிடுங்கள்.

செல்போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். இருபது நிமிடம்போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள்.

தூக்கமோ பசியோ இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் அன்றே கணவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவரிடம் போங்கள்.