பெயின்ட்டைப் பார்த்து மரப்படகு வாங்கலாமா?

கேள்வி: ஆயர் தாவார் பக்கம் செம்பனை மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். லூமுட்டில் ஒரு வெள்ளைக்காரர் தன் மரப் பாய்மரப்படகை 30,000 ரிங்கிட்டுக்கு விற்கிறார். ஃபோக்போட் வகையாம். மகனோடு கரையோரமாகப் பங்கோர், பினாங்கு என்று போய்வர ஆசை. முன்பணம் 5,000 கேட்கிறார். இபிஎஃப் பணம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா, இப்போதைக்கு.

படகு ரகத்தில் குறையில்லை. 1940களில் சுவீடனில் பிறந்த வடிவம், சுமார் 7.6 மீட்டர் நீளம். அடியில் சுமார் ஒரு டன் இரும்பு இருப்பதால் சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும். ஆனால் அது குளிர்க்கடலுக்காகச் செய்தது. நம் வெதுவெதுப்பான கடலில் கப்பல்புழு அதிகம். படகின் அடிப்பக்கப் பெயின்ட் உரிந்த இடத்தில் குண்டூசித் தலையளவு ஓட்டை போட்டு நுழையும், உள்ளே பலகையையே குடைந்துவிடும். லயத்து வீட்டுப் பலகையில் கறையான் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். மேலே சுண்ணாம்பு பளிச்சென்று இருக்கும், கத்தி வைத்தால் உள்ளே போகும்.

அதனால் படகைக் கரையேற்றிக் காட்டச் சொல்லுங்கள். மரப்படகைச் சோதிக்கத் தெரிந்த சர்வேயரை நீங்களே கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். விற்பவர் காட்டும் ஆள் வேண்டாம். பலகையைத் தட்டினால் செத்த சத்தம் வருகிறதா என்று பார்க்க உங்கள் காதும் கையும் போதும். அடி இரும்பைப் பிடித்திருக்கும் போல்ட் துருவா என்பதைச் சர்வேயர் பார்க்கட்டும். நெடுநாள் கரையில் காய்ந்த படகு, இறக்கியதும் கசியத்தான் செய்யும். மரம் ஊறியதும் இடுக்கு மூடிக்கொள்ளும். அழுகல் கசிவுக்கும் இதையே சாக்குச் சொல்லிவிடுவார்கள், கவனம்.

சட்டத்தை நம்பிப் பணம் கொடுக்க முடியாது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரமாக விற்பவரைத்தான் பிடிக்கும். 50,000 ரிங்கிட் வரை வழக்கை ஏற்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயமும் அப்படித்தான். இவர் சொந்தப் படகை விற்கும் தனி ஆள். வெளிநாட்டில் பதிவான படகு என்றால் சுங்கவரி யார் தலையில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

மலாக்கா நீரிணையில் காற்று பல நாள் சோம்பல், விடியற்காலையில் திடீரென்று சுமாத்திரா புயல்காற்று. எஞ்சின் ஓடாவிட்டால் பினாங்கை மறந்துவிடலாம்.

அப்புறம், மரத்துக்குக் கடல்நீரைவிட மழைத்தண்ணீர்தான் எமன். நல்ல மழை பெய்த மறுநாள் போய், மேல்தளத்துக்கு அடியில் மூலை முடுக்கெல்லாம் கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.