அப்பா பெயரில் கரண்ட் கனெக்‌ஷன், மாடியில் சோலார்: யார் யார் கையெழுத்து வேண்டும்?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு வட்டத்தில் ஒரு பேரூராட்சியில் வசிக்கிறோம். அப்பா கட்டிய கான்கிரீட் வீடு. அவர் 2019-ல் இறந்துவிட்டார், உயில் எதுவும் எழுதவில்லை. இப்போது வீட்டில் அம்மா, நான், என் மனைவி, பிள்ளைகள். அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறான். அக்காவைக் கருங்கலில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். நாங்கள் கிறிஸ்தவர்கள். மட்டுப்பாவில் (மொட்டைமாடியில்) 3 கிலோவாட் சோலார் வைக்க ஒரு கம்பெனிக்கு 1 லட்சம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தேன். ஈபி கனெக்‌ஷன் இன்னும் அப்பா பெயரில்தான். "அது பரவாயில்லை சார், அப்பா பேரிலேயே போட்டுடலாம், கையெழுத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார் கம்பெனிக்காரர். அக்காவிடம் கேட்க வேண்டும் என்றால் அண்ணன், "அவளுக்குத்தான் சீதனம் கொடுத்தாச்சே, அவ கையெழுத்து எதுக்கு" என்கிறான். பேரூராட்சியில் பிளான் அப்ரூவல் எடுக்கணும், இல்லாவிட்டால் பிரித்துப் போடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். நிழல் விழுவது அவருடைய அயினி மரத்தில் இருந்துதான் என்பது தனிக் கதை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதல் வேலையாக, அப்பா பெயரில் எந்த விண்ணப்பமும் போடக் கூடாது என்று அந்தக் கம்பெனிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள், ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் ரத்து செய்யச் சொல்லுங்கள். போனில் சொன்னால் போதாது. இறந்து இத்தனை வருடமான ஒருவரின் கையெழுத்தை இன்னொருவர் போடுவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-வது பிரிவில் வரும் போலி ஆவணக் குற்றம். அவர் போட்டாலும், தெரிந்தே அந்தக் காகிதத்தைப் பயன்படுத்திக்கொண்டவர் என்ற இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். அது போக, வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு கொடுக்கும் சூர்யா கர் மானியம் விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அப்பாவுக்குக் கணக்கு ஏது? கடைசியில் பணம் எங்கோ தொங்கிக்கொண்டிருக்கும்.

ஆக, ஈபி பெயரை மாற்றுவதுதான் தொடக்கம். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், இவ்வளவும் கையில் இருந்தால் இது பெரிய வேலையே இல்லை. வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் இன்றைக்கே போட்டுவிடுங்கள், இதில் அதிகம் இழுப்பது அதுதான். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ஈபி பெயர் உங்களுக்கு மாறிவிட்டதால் வீடு உங்களுடையது ஆகிவிடாது. கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறது என்பதும் சொத்து யாருக்கு என்பதும் வேறு வேறு விஷயங்கள். இதை அண்ணனுக்கும் அக்காவுக்கும் முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி சந்தேகம் அடங்கும். நம் ஊரில் சம்மதக் கடிதம் என்றாலே "எழுதி வாங்கப் பார்க்கிறான்" என்றுதானே நினைக்கிறார்கள்.

இப்போது அண்ணன் சொன்ன சீதன விஷயத்துக்கு வருகிறேன். இதை விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் இன்றும் சட்டம் மாதிரியே பேசுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. திருவிதாங்கூர் காலத்தில் கொல்லம் ஆண்டு 1092-ல் (கி.பி. 1916) வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் ஒன்று இருந்தது. மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. சீதனம் கொடுத்தாயிற்று என்றால் அதுவும் இல்லை. 1956 நவம்பர் 1-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்தப் பழைய சட்டம் இங்கே செல்லுமா செல்லாதா என்று நீதிமன்றங்களில் வழக்காடிக்கொண்டுதான் இருந்தார்கள். 1986-ல், மேரி ராய் என்ற கேரளப் பெண் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்வியை முடித்துவைத்தது: 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் போய்விட்டது, அதற்குப் பிறகு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று. அதன்படி மகனும் மகளும் சமம். நகை, பணம், ஊரே கூடிச் சாப்பிட்ட கல்யாணம் எதையும் பங்கில் கழித்துக்கொள்ள முடியாது.

உங்கள் வீட்டுக்கு இதைப் போட்டுப் பார்த்தால், உயில் இல்லாததால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டை நீங்கள் மூன்று பேரும் சமமாகப் பிரிக்க வேண்டும், ஆளுக்கு ஒன்பதில் இரண்டு. மொட்டைமாடியும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். கூட்டுச் சொத்தின் மாடியை நீங்கள் ஒருவராகப் பிடித்து 25 வருடத்துக்கு ஒரு பொருளை நிறுத்தினால், நாளைக்கு மனஸ்தாபம் வந்த ஒரு நாளில் அக்கா நாகர்கோவிலில் ஒரு தடையுத்தரவு வழக்குப் போடலாம். போடுவார் என்று சொல்லவில்லை, போட இடம் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

நூறு பக்கப் பத்திரம் எல்லாம் இதற்குத் தேவையில்லை. நான்கு பேரும் கையெழுத்திட்ட ஒரு ஒப்பந்தம் போதும். அதில் நான்கு விஷயம் எழுதியிருக்க வேண்டும்: ஈபி பெயரை உங்களுக்கு மாற்றுவதில் ஆட்சேபணை இல்லை, மாடியில் சோலார் வைத்துக்கொள்ளலாம், செலவு முழுவதும் உங்களுடையது, எனவே பேனலும் இன்வெர்ட்டரும் உங்களுக்கு மட்டுமே சொந்தம், பாகம் பிரிக்கும்போது வீடு வேறு யாருக்காவது போனால் நீங்கள் கழற்றி எடுத்துக்கொள்ளலாம், அல்லது அன்றைய விலை பேசி விட்டுவிடலாம். கடைசிப் பாயிண்டை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், சண்டை வருவது அதில்தான். அண்ணன் மஸ்கட்டில் இருப்பதால் அவருடைய சம்மதக் கடிதத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். உங்களுக்கு முழு அதிகாரப் பத்திரமே (பவர் ஆஃப் அட்டர்னி) கொடுப்பதாக இருந்தால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

பேரூராட்சி விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. ஏற்கெனவே அனுமதி வாங்கிக் கட்டிய வீட்டின் தளத்தில் ஸ்டாண்ட் அடித்துப் பேனல் மாட்டுவது புதுக் கட்டுமானம் ஆகாது. ஆனால் இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பேனலை எட்டடி, பத்தடி தூக்கி நிறுத்தி, "அடியில துணி காயப் போடலாம் சார்" என்று ஆரம்பித்து, சுற்றிலும் ஷீட் அடித்து, கடைசியில் வாடகைக்கு விடும் அறையாகவே ஆக்கிவிடுகிறார்கள். அது சோலார் இல்லை, இன்னொரு மாடி. அதற்கு 2019-ம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் பொருந்தும், அனுமதி வேண்டும், வீட்டுத் தீர்வையும் மாறும். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். வெறும் பேனலுக்கே யாராவது கட்டணம் கேட்டால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

உண்மையான அனுமதி என்றால் அது மின்வாரியத்தின் அனுமதிதான். பெயர் மாறியதும் சூர்யா கர் தேசிய இணையதளத்தில் உங்கள் பெயரில், உங்கள் மின் இணைப்பு எண்ணில் விண்ணப்பியுங்கள். 2024-ல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி 10 கிலோவாட் வரை தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு கிடையாது, விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். உங்களுக்கு அனுமதித்த மின்பளு 2 கிலோவாட்தான் என்றால் அதை உயர்த்துவதும் வாரியத்தின் வேலை. 5 கிலோவாட் வரைக்கும் டிரான்ஸ்பார்மர், லைன் பலப்படுத்தும் செலவை உங்கள் தலையில் கட்ட முடியாது. வேலை முடிந்து நீங்கள் அறிக்கை கொடுத்தால் 15 நாளில் நெட் மீட்டர் (நீங்கள் எடுக்கும் கரண்டையும் லைனுக்குக் கொடுக்கும் கரண்டையும் கணக்கிடும் மீட்டர்) வைத்து இயக்கிக் கொடுக்க வேண்டும். இழுத்தடித்தால் மின்வாரியத்தின் 'மின்னகம்' புகார் எண்ணில் புகார் பதிந்து அந்தப் புகார் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தது மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கும் மேலே சென்னையில் மின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார்.

மானியம் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, உங்களுக்கு மொத்தம் 78,000. இது இயக்கிய பிறகு உங்கள் கணக்குக்கு நேராக வரும். ஆகவே "மானியத்தைக் கழிச்சு மீதி கொடுங்க" என்று எந்தக் கம்பெனி சொன்னாலும், அவர்கள் போட்ட விலையைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். உள்நாட்டில் தயாரான செல்லும் பேனலும் இருந்தால்தான் மானியம், இணையதளத்தில் பதிவான நிறுவனம் போட்டால்தான் மானியம்.

கம்பெனி கொடுத்த கொட்டேஷனின் போட்டோவைப் பார்த்தேன். அரைப் பக்கம். "3 கிலோவாட் சோலார், ஃபுல் செட், கரண்ட் போனாலும் 24 மணி நேரமும்." அவ்வளவுதான். பேட்டரி என்ற வார்த்தையே அதில் இல்லை. பேட்டரி இல்லாத, கிரிட்டோடு, அதாவது ஈபி லைனோடு, சேர்ந்த சோலார், லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேன் அடிபட்டுச் சாகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் வந்து, மரம் முறிந்து லைன் போகும் நாட்களில் உங்கள் மாடியும் சும்மாதான் கிடக்கும். ஆகவே அந்த வரி பொய்யான வாக்குறுதி. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், பிறகு உதவும்.

புது ஒப்பந்தம் கேளுங்கள். பேனல், இன்வெர்ட்டர் எந்தக் கம்பெனி, எந்த மாடல், எத்தனை வாட் என்று எழுதியிருக்க வேண்டும். உப்புக் காற்றைத் தாங்கும் கால்வனைஸ் செய்த ஸ்டாண்ட், இடிதாங்கி, எர்த்திங், திட்டப்படி கொடுக்க வேண்டிய ஐந்து வருடப் பராமரிப்பு, இவையும் பெயர் சொல்லி இருக்க வேண்டும். பணத்தைப் பொருள் வந்ததும் ஒரு பகுதி, நெட் மீட்டர் வைத்து ஓடத் தொடங்கியதும் கடைசிப் பகுதி என்று பிரித்து வையுங்கள். முழுப் பணமும் கைக்குப் போன பிறகு நெட் மீட்டருக்காக உங்களோடு ஈபி ஆபீசுக்கு யாரும் அலைய மாட்டார்கள்.

அயினி மரம். இதில் உங்களுக்கு நான் சந்தோஷமான பதில் சொல்ல முடியாது. பேனலுக்கு வெயில் படுவதற்கு என்று தனி உரிமை நம் சட்டத்தில் இல்லை. 20 வருடம் தடையில்லாமல் வந்த வெளிச்சத்துக்கு ஈஸ்மென்ட் உரிமை (நீண்ட நாள் அனுபவத்தால் வரும் உரிமை) கேட்பதெல்லாம் வீட்டு ஜன்னலுக்குத்தான், நேற்று மாட்டிய பேனலுக்கு இல்லை. உங்கள் எல்லைக்குள் நீட்டியிருக்கும் கொப்புகளை, அவருக்கு எழுத்தில் சொல்லிவிட்டு, அவர் விளைக்குள் கால் வைக்காமல் வெட்டிக்கொள்ளலாம். மரமே சாய்ந்து விழும் நிலையில் இருந்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-வது பிரிவில் பத்மநாபபுரம் சப் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் நல்ல மரத்தை ஆபத்தான மரம் என்று எழுதிக் கொடுத்தால் விஏஓ வந்து பார்த்த அன்றே விஷயம் முடிந்துவிடும். முதலில் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை நிழல் எங்கெங்கே விழுகிறது என்று பார்த்து, பேனலை இடம் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மாடியில் சுமார் 300 சதுர அடி இருந்தால் போதும். அல்லது அவருக்கே ஒரு கூலியாளை வைத்துக் கொப்பு கழித்துக் கொடுங்கள், இருவருக்கும் நல்லது.

அட்வான்ஸ் பற்றி: கம்பெனிக்காரர் உங்கள் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கவும், ஒழுங்கான ஒப்பந்தம் போடவும் சம்மதித்தால் அவரிடமே தொடரலாம், கோபத்தில் முறிக்க வேண்டியதில்லை. மறுத்தால் 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அப்படியும் பணம் வராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடலாம். கம்பெனியின் ஆபீஸ் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போட உரிமை உண்டு. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. காலக்கெடு இரண்டு வருடம். அந்த அரைப் பக்கக் கொட்டேஷன், அட்வான்ஸ் அனுப்பிய வங்கி விவரம், "கையெழுத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்ற வாட்ஸ்அப், மூன்றையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.