சுழியோடப் போகிறேன் என்று நிற்கும் மகன்

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

ஏ.எல். பெறுபேறு சரிவரவில்லை. மறுபடி சோதனை எடுக்கமாட்டேன், சுழியோடியாகப் போகிறேன் என்று மகன் நிற்கிறார். அப்பா அவரோடு கதைப்பதையே விட்டுவிட்டார். ஆனால் உங்கள் பயம் முழுக்கக் கடைசி வரியில்தான் இருந்தது: கடலட்டை பிடிக்கச் சுழியோடப் போன உங்கள் ஒன்றுவிட்ட தம்பி கால் வழங்காமல் கிடக்கிறார் என்ற வரி. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு, 20 மீற்றரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் மூச்செடுக்கும்போது காற்றிலுள்ள நைதரசன் உடம்பில் கரைந்து சேரும். ஆறுதலாக ஏறினால் மூச்சோடு போய்விடும். விறுக்கென்று ஏறினால் உள்ளேயே குமிழியாகிவிடும். முள்ளந்தண்டுக்குள் அது நடந்தால் கால் இழுத்துவிடும். அட்டைக்கு இறங்கும் பொடியன்கள் பலருக்கு ஆழத்துக்கும் கணக்கில்லை, நேரத்துக்கும் கணக்கில்லை. சிலிண்டர் முடிய ஏறி, அடுத்ததைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள்.

பயிற்சி என்பது பெரும்பாலும் அந்தக் கணக்குத்தான். நிமிடத்துக்கு 9 மீற்றர் அளவில் மெதுவாக ஏற வேண்டும், 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரிக்க வேண்டும், துணையில்லாமல் இறங்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூச்சை அடக்கவே கூடாது. மன்னாரில் முத்துக்குளித்தவர்கள் மூச்சடக்கித்தானே இறங்கினார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் மேலே எடுத்த மூச்சோடு போய் அதே மூச்சோடு வந்தார்கள். ஆழத்தில் சிலிண்டர் காற்றை எடுத்துவிட்டு அடக்கிக்கொண்டு ஏறினால் அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

இனி அப்பாவின் கேள்வி: இதில் உழைப்பு இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் மகன் காட்டிய அந்த விளம்பரம், ‘நான்கு நாள் கோர்ஸ், டைவிங் லைசன்ஸ், வெளிநாட்டில் வேலை’ என்பது, இரண்டு வேறு தொழில்களை ஒன்றாகப் பிசைந்து வைத்திருக்கிறது.

ஒன்று பொழுதுபோக்குச் சுழியோடல். பி.ஏ.டி.ஐ. போன்ற சர்வதேசச் சுழியோடல் பயிற்சி அமைப்புகளின் ‘ஓப்பன் வோட்டர்’ சான்றிதழ் 18 மீற்றர் வரைக்கும், ‘அட்வான்ஸ்ட்’ 30 மீற்றர் வரைக்கும். இவை உல்லாசத்துக்கானவை, இவற்றை வைத்து யாரும் சம்பளம் தரமாட்டார்கள். அதன்பிறகு ‘ரெஸ்கியூ’, பிறகு ‘டைவ்மாஸ்டர்’, அதாவது மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கும் வழிகாட்டி. அந்த டைவ்மாஸ்டரில்தான் தொழில் தொடங்குகிறது. வயது 18 ஆகியிருக்க வேண்டும், 60 தடவை இறங்கிய பதிவு வேண்டும். பயிற்றுநராக 100 தடவை. கொழும்புப் பக்கக் கடல் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் தெளிவு, மற்றக் காலத்தில் திருகோணமலை, மட்டக்களப்பு என்று போகவேண்டும். உல்லாசப் பயணிகள் வந்தால்தான் வருமானம். 2020இல் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

மற்றது வணிகச் சுழியோடல்: கப்பலின் அடிப்பகுதியைப் பார்ப்பது, நீருக்கடியில் வெட்டுவது, ஒட்டுவது, எண்ணெய்க் கிணறுகளில் வேலை. தலையில் ஹெல்மெட், மேலிருந்து குழாய் வழியாகக் காற்று, பேசுவதற்குத் தனிக் கம்பி. இதற்குப் பொழுதுபோக்குச் சான்றிதழ் எதுவும் செல்லாது. வெளிநாட்டுக் கம்பனிகள் பிரிட்டனின் எச்.எஸ்.ஈ. (தொழில் பாதுகாப்பு அமைப்பு), அவுஸ்திரேலியாவின் ஏ.டி.ஏ.எஸ். (சுழியோடிகளுக்குச் சான்று தரும் அமைப்பு) போன்றவை தரும், கடல்சார் ஒப்பந்தக் கம்பனிகளின் சர்வதேசச் சங்கமான ஐ.எம்.சி.ஏ. ஏற்ற சான்றிதழ்களைத்தான் கேட்கும். அந்தப் படிப்புக்குப் பல இலட்சம் போகும். வெல்டிங் அல்லது மெக்கானிக் வேலை கையிலிருப்பவனுக்கே அது பலன் தரும், ஏனென்றால் சுழியோடுவது அவனுக்கு வேலைக்குப் போகும் வழி மட்டும்தான்.

ஆகவே காசு கட்டுவதற்கு முன் வைத்தியப் பரிசோதனை. சின்ன வயதில் மகனுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருந்தது என்று ஓரமாக எழுதியிருந்தீர்கள். அதை ஓரத்தில் விடாதீர்கள். ஆஸ்துமா, காதில் சத்திரசிகிச்சை, வலிப்பு, இவற்றில் எது இருந்தாலும் வைத்தியர் எழுத்தில் அனுமதி தரவேண்டும். படிவத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிடு, பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் நிலையமானால் அந்த வாசலிலேயே திரும்புங்கள். நீச்சலும் பாருங்கள்: 200 மீற்றர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும்.

நிலையத்துக்கு நீங்களே போங்கள். படகில் ஒக்சிசன் இருக்கிறதா, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், பயிற்சி அமைப்பில் அவருடைய உறுப்பினர் இலக்கம் என்ன என்று கேளுங்கள். கனடாவிலிருந்து வந்த மச்சானும் சேர்ந்து இறங்க ஆசைப்பட்டால், பல தடவை இறங்கியவர் 18 மணித்தியாலம் கழித்துத்தான் விமானம் ஏறலாம் என்பதையும் சொல்லி வையுங்கள்.

என் கணக்கு இது. இந்தப் பருவத்தில் ஓப்பன் வோட்டர் மட்டும் செய்யட்டும், அதோடு ஒரு கைத்தொழிலுக்கும் பதியட்டும். மட்டக்குளியில் சமுத்திரப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே இப்போது எந்தப் பாடநெறிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மகனே போய்க் கேட்டு வரட்டும். நெஞ்சுப் பரிசோதனை முடிவு வந்ததும் அதையும் எடுத்துக்கொண்டு மூன்று பேருமாக வாருங்கள். அப்பாவும் மகனும் ஒரே ஓட்டோவில் வந்தால் எனக்குப் பாதி வேலை முடிந்தது.