மானிடவியல் கேட்கும் மகள்: எந்தத் துறையில் சேர்ப்பது?

பி.ஏ. வரலாறு முடிக்கப்போகும் மகள், மானிடவியல் படித்து, அரசியல் வன்முறை குடும்பங்களை என்ன செய்கிறது என்று ஆராயப் போகிறேன் என்கிறாள். அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும், தாமதமாக. முதுகலைக்கு 2 ஆண்டு, முனைவர் பட்டத்துக்கு 5, 6 ஆண்டு. நிரந்தர வேலை அதற்கும் பிறகுதான்.

துறையை முதலில் முடிவு செய்யுங்கள். மனிதர்களையும் அவர்களின் வாழ்க்கைமுறையையும் ஆராயும் மானிடவியல், சென்னை, புதுச்சேரிப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஆனால் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் மானிடவியல் பாடத்திட்டத்தில் மனித உடற்கூறு, மரபியல், தொல்லியல் எல்லாம் வரும். அதில் நாட்டமில்லை என்றால் எம்.ஏ. சமூகவியலே மேல். 1984 டெல்லி வன்முறையில் தப்பிய சீக்கியக் குடும்பங்களிடையே ஆய்வு செய்த வீணா தாஸ், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தவர். 2000இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மானிடவியல் பேராசிரியரானார். முதுகலையில் படித்த பாடத்தில்தான் நெட் எழுத வேண்டும் என்பதால், இதைப் பிறகு மாற்றுவது சிரமம்.

நெட் தேர்வு வழியாக வரும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வாடகைப்படி தனி. வயது வரம்பு 30; பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு. பணம் மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும் உண்டு, கையிருப்பு வேண்டும்.

முனைவர் பட்டத்துக்கு அமெரிக்கா என்றால் விண்ணப்பம் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். மூன்றாண்டுப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. முதுகலைக்குப் பின் போடட்டும். விண்ணப்பத்தில் ‘போரும் குடும்பமும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எடுபடாது. 1990இல் புலிகள் வெளியேற்றியதால் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் போன முஸ்லிம் குடும்பங்களில், ஊர் திரும்புவது பற்றித் தாய்க்கும் புத்தளத்திலேயே பிறந்த மகளுக்கும் ஒரே எண்ணம்தானா? இப்படி ஒரு கேள்வி வேண்டும்.

களப்பணி 12 முதல் 18 மாதம். அங்கே குடும்ப உறவுகளைக் குறிக்க வரையும் வம்சாவளிப் படத்தில் முக்கோணம் ஆண், வட்டம் பெண், குறுக்கே கோடு போட்டால் இறந்தவர். காணாமல் போன மகனுக்கு என்ன போடுவது? கோடு போட்டால், தாயின் கண்ணெதிரே அவனைச் செத்தவனாக்குகிறோம். மரணச் சான்றிதழ் வாங்க மறுத்த குடும்பங்கள் இருந்ததால்தான், இலங்கையில் 2016இல் சட்டத்தைத் திருத்தி, ‘காணப்படவில்லை’ என்று சான்றளிக்க வழி செய்தார்கள். அந்த இடத்தை வெறுமையாக விட்டு, தாய் சொல்வதை அவர் வார்த்தையிலேயே பக்கத்தில் எழுத வேண்டும். நோட்டில் புனைபெயர்தான், உண்மைப் பெயர்ப் பட்டியல் வேறிடத்தில், பூட்டி. போலீஸ் கேட்டால் ஆய்வுக் குறிப்புக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது.

இந்த விடுமுறையில், சம்மதிக்கும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை வம்சாவளியை எழுதிவரச் சொல்லுங்கள், அன்றன்றைய குறிப்பை அன்றிரவே விரித்து எழுதும் நிபந்தனையோடு. ஒரு மணி நேரப் பேச்சுக்கு மூன்று மணி நேர எழுத்து வேலை வரும். அதற்குப் பிறகும் ஆர்வம் இருந்தால் விண்ணப்பம் வாங்கலாம்.