சர்வதேசச் சட்டம் மனித உரிமைகளை எப்படிக் காக்கிறது என்று படிக்க ஆசை. எங்கிருந்து தொடங்கலாம்? அதற்கு உண்மையிலேயே பலன் உண்டா?

முதுகலைச் சட்டப் படிப்பில் நான் இதைப் படித்தேன். நான் தொடங்கிய இடத்தில் மட்டும் நீங்கள் தொடங்காதீர்கள். முதல் பருவம் முழுக்க உடன்படிக்கையின் பெயர், ஆண்டு, பிரிவு எண் என்று மனப்பாடம்தான். 1948 டிசம்பர் 10, பாரிஸ், உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம், 48 நாடுகள் ஆதரவு, 8 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன, எதிர்த்து ஒரு ஓட்டுகூட இல்லை; தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் "சரி, ஒரு அரசாங்கம் ஒருத்தரைப் பிடித்து அடைத்து வைத்தால் இந்தக் காகிதம் என்ன செய்யும்?" என்று வீட்டில் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால் ஒரே ஒரு வழக்கை எடுத்து, புகார் போன நாளிலிருந்து சட்டம் மாறிய நாள்வரை அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள். எனக்குப் புரிய வைத்தது கனடாவின் சாண்ட்ரா லவ்லேஸ் வழக்கு. அவர் மாலிசீட் பூர்வகுடிப் பெண். 1970இல் பூர்வகுடி அல்லாத ஒருவரை மணந்ததும், அந்நாட்டுச் சட்டப்படி அவருடைய பூர்வகுடி அந்தஸ்து போய்விட்டது. இதே காரியத்தை ஒரு ஆண் செய்தால் அவனுக்கு ஒன்றும் போகாது! மணமுறிவுக்குப் பிறகு தன் ஊருக்குத் திரும்பினால், அங்கே வசிக்கச் சட்டப்படி உரிமை இல்லை. இதே மாதிரி வழக்கை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே தள்ளியிருந்ததால், 1977இல் ஐநாவின் மனித உரிமைக் குழுவுக்குப் புகார் எழுதினார்.

இங்கேதான் ஒரு சிக்கல். அந்தக் குழு கண்காணிக்கும் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கை கனடாவைக் கட்டுப்படுத்தத் தொடங்கியதே 1976 ஆகஸ்டில்தான், கல்யாணமோ அதற்கு ஆறு வருஷம் முன்பு. அப்படியென்றால் புகார் செல்லாது என்றுதானே தோன்றும்? குழு அப்படிப் பார்க்கவில்லை. அந்தஸ்து போனது பழைய சங்கதியாக இருக்கலாம், ஆனால் அவர் இன்றைக்கும் தன் மக்களோடு சேர்ந்து வாழ முடியவில்லையே, அந்தப் பாதிப்பு தொடர்கிறதே என்று பிடித்துக்கொண்டு, சிறுபான்மையினரின் பண்பாட்டு உரிமையைச் சொல்லும் 27ஆம் பிரிவு மீறப்பட்டதாக 1981இல் முடிவு சொன்னது. 1985இல் கனடா சட்டத்தைத் திருத்தியது. 2005இல் அவர் அந்நாட்டு செனட் உறுப்பினரே ஆகிவிட்டார். இந்த ஒரு வழக்கைப் படித்தபோது கற்றுக்கொண்ட அளவுக்கு அந்தப் பருவம் முழுவதும் நான் கற்றுக்கொள்ளவில்லை: உள்நாட்டில் பலன் தரக்கூடிய எல்லாக் கதவையும் தட்டியிருக்க வேண்டும், உடன்படிக்கையோடு விருப்ப நெறிமுறை என்ற தனி ஒப்பந்தத்தையும் நாடு ஏற்றிருந்தால்தான் தனிமனிதர் புகார் அனுப்ப முடியும், குழுவின் முடிவை அமல்படுத்த அதன் கையில் போலீஸ் எதுவும் கிடையாது.

பலன் உண்டா என்று கேட்டீர்கள். சில நேரம் உண்டு, சில நேரம் இல்லை. இலங்கையின் சிங்கராசா வழக்கைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்கப்பட்டவர் அவர். நியாயமான விசாரணை நடக்கவில்லை என்று 2004இல் இதே குழு சொன்னது. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றமோ, விருப்ப நெறிமுறையில் நாடு சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லி, குழுவின் முடிவை ஏற்க மறுத்துவிட்டது. சர்வதேச உடன்படிக்கை உள்நாட்டுச் சட்டத்துக்குள் நுழையும் வாசல் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி என்பதைப் பாடப்புத்தகம் இரண்டு பத்தியில் சொல்லிவிட்டுப் போய்விடும், இந்த இரண்டு வழக்கையும் அடுத்தடுத்துப் படித்தால் மறக்கவே மறக்காது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் உயிரே அந்த வாசலில்தான் இருக்கிறது, குழு கூடும் ஜெனீவாவில் இல்லை.

அப்புறம் ஒரு சின்ன எச்சரிக்கை. மனித உரிமைக் குழு வேறு, மனித உரிமைப் பேரவை வேறு. முதலாவதில் 18 நிபுணர்கள், அவர்கள் எந்த அரசாங்கத்தின் பிரதிநிதியும் இல்லை. இரண்டாவதில் 47 நாடுகள், அது முழுக்க அரசியல் மேடை. தேர்வில் இரண்டையும் குழப்பி எழுதி ஒரு முழு விடைக்கும் பூஜ்யம் வாங்கியவன் நான்.

ஒரு நாடு எந்த உடன்படிக்கையில் சேர்ந்தது என்பதோடு, எந்தப் பிரிவு மட்டும் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று எழுதிக் கொடுத்தது என்றும் பாருங்கள். முக்கால்வாசி விஷயம் அந்தக் காகிதத்தில் இருக்கும். எல்லாமே ஐநா தளத்தில் இலவசம், காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள்.

முதலில் லவ்லேஸ் முடிவைப் படியுங்கள், சில பக்கங்கள்தான். கடைசியில் குழு உறுப்பினர் ஒருவர் தனிக்கருத்து எழுதியிருப்பார்: பண்பாட்டு உரிமையோடு ஏன் நின்றுவிட்டீர்கள், இது ஆண் பெண் பாகுபாடு இல்லையா என்று. அதையும் படித்துவிட்டு நீங்கள் யார் பக்கம் என்று கமெண்டில் சொல்லுங்கள், நான் அவர் பக்கம்.